உங்கள் போனில் உங்கள் பிள்ளைக்கு என்ன வயது?

(வெள்ளகோவிலில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில், இ-சேவை மையம் நடத்தும் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள், சிலர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இங்கே வரும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் டீ குடித்தேன். கடை முகப்பில் ஒரு பலகை இருந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதியிருந்தது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டப்படி அந்தப் பலகை அங்கே இருந்தே ஆக வேண்டும். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்று, ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற ஒரு பையன் 100 ரூபாய் கொடுத்து, கேமுக்குப் போடும் ரீசார்ஜ் கோடு வாங்கிக்கொண்டு போனான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைக்காரர் மேல் நான் தப்புச் சொல்லவில்லை. பீடி கேட்டால் வயதைக் கேள் என்று சட்டம் சொல்கிறது. கேம் கோடு கேட்டால் வயதைக் கேள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சினிமாவுக்கு ‘ஏ’ சான்றிதழ் இருக்கிறது. 2024 முதல் யுஏ படங்களுக்குக்கூட 7, 13, 16 என்று வயது பிரித்துப் போடுகிறார்கள். ஓடிடி தளங்களுக்கு 2021-இல் விதி வந்துவிட்டது. வீடியோ கேமுக்கு? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

ஒரு பாஸ்புக் கதை

போன வருஷம் ஒரு அக்கா என் மையத்துக்கு வந்தார். கணவன், மனைவி இருவருமே தறி ஓட்டுகிறவர்கள். கையில் பாஸ்புக். “ஏனுங்க தம்பி, யாரோ எங்க அக்கவுண்டை ஹேக் பண்ணிட்டாங்க. 1930-க்குப் போன் போட்டுக் குடுங்க” என்றார். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வைத்திருந்த பணம்.

வாங்கிப் பார்த்தேன். ஒரே தடவையில் பெரிய தொகை எதுவும் போகவில்லை. 80 ரூபாய், 240 ரூபாய், 400 ரூபாய். மறுபடி 80. மூணு வாரத்தில் கிட்டத்தட்ட 14,000 ரூபாய் போயிருந்தது. திருடன் 80 ரூபாயாக எடுக்க மாட்டான். போனில் நேரத்தைப் பார்த்தோம். எல்லாம் ராத்திரி 11 மணிக்கு மேல். அவர்கள் இருவரும் பட்டறையில் இருக்கும் நேரம். வீட்டில் இருந்தது பாட்டியும், 12 வயதுப் பையனும், அப்பாவின் பழைய போனும்.

பையன் கேமில் துப்பாக்கிக்குக் கலர், ஆளுக்குச் சட்டை, வைரம் என்று வாங்கியிருந்தான். யுபிஐ ரகசிய எண் எப்படித் தெரிந்தது? அப்பாவின் வண்டி நம்பர்தான் அது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண்.

அந்த அக்கா அப்போது ஒரு கேள்வி கேட்டார். “ஏன் தம்பி, அந்தக் கம்பெனிக்காரன் கேட்டிருக்க வேண்டாமா, இவன் சின்னப் பையனாச்சேன்னு?”

கேட்டிருக்கிறான் அக்கா. போனில் கணக்கு ஆரம்பிக்கும்போதே பிறந்த தேதி கேட்டான். அந்தக் கணக்கு அப்பாவுடையது. அதில் இருப்பது அப்பாவின் பிறந்த தேதி. அந்தப் போனைப் பொறுத்தவரை ராத்திரி 1 மணிக்கு விளையாடிக்கொண்டிருந்தவருக்கு 41 வயது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். சட்டம், கம்பெனி, கேம் மேல் போட்டிருக்கும் எண் எல்லாமே ‘உனக்கு என்ன வயசு’ என்று கேட்டுவிட்டுத்தான் வேலை செய்கின்றன. பல வீடுகளில் அந்தக் கேள்விக்குத் தப்பான பதிலை, தெரியாமலேயே, நாம்தான் கொடுத்து வைத்திருக்கிறோம்.

3+, 12+, 16+: இந்த எண் என்ன சொல்கிறது?

பிளே ஸ்டோரில் எந்த கேமைத் திறந்தாலும் பெயருக்குக் கீழே ஒரு எண் இருக்கும். 3+, 7+, 12+, 16+, 18+. பலரும் இதைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களும் ‘12 வயசுப் பிள்ளைக்குத்தான் ஆடத் தெரியும்போல’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படியில்லை. கஷ்டமா, சுலபமா என்பதை அந்த எண் சொல்லாது. சதுரங்கம் பெரியவர்களுக்கே கஷ்டம், ஆனால் அதற்கு 3+ தான் போடுவார்கள். கேமுக்குள் அடிதடி எவ்வளவு, ரத்தம் தெரிகிறதா, கெட்ட வார்த்தை வருகிறதா, ஆபாசம் இருக்கிறதா, சூதாட்டம் மாதிரி ஏதாவது உண்டா என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

இதை யார் போடுவது? அரசாங்கம் இல்லை. கேமை உருவாக்கிய நிறுவனமே ஒரு கேள்விப் பட்டியலை நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஐஏஆர்சி என்ற சர்வதேச வயது மதிப்பீட்டுக் கூட்டமைப்பின் முறை அது. பதில்களை வைத்து எண் வருகிறது. அமெரிக்காவில் 1994-இல் இஎஸ்ஆர்பி, ஐரோப்பாவில் 2003-இல் பெகி என்று வந்த மதிப்பீட்டு அமைப்புகளின் வழியில் வந்ததுதான் இதுவும்.

இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். ஒன்று, நம் நாட்டில் இந்த எண் ஒரு தகவல் மட்டும்தான். 16+ கேமை 10 வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தார் என்று ஒரு கடைக்காரர் மேல் வழக்குப் போட, சினிமாவுக்கு இருப்பது மாதிரி ஒரு சட்டம் இங்கே இல்லை. இரண்டு, அந்த எண்ணை வைத்துப் பணச் செலவைக் கணிக்க முடியாது. 3+ போட்ட பொம்மை கேமிலும் காசு கேட்கும். அதற்கு ‘இன்-ஆப் பர்ச்சேஸ்’ என்று தனியாக ஒரு வரி போட்டிருப்பார்கள். எண்ணைப் பார்க்கும்போது அந்த வரியையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் சட்டம் எங்கே கோடு போடுகிறது?

“பப்ஜியைத்தான் தடை பண்ணிட்டாங்களே” என்று இங்கே ஒருவர் சொன்னார். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி ஒன்றிய அரசு அதைத் தடுத்தது உண்மை. ஆனால் அது குழந்தைகளுக்காகப் போட்ட தடை அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ், நாட்டின் பாதுகாப்புக்காகவும் மக்களின் தகவல் பாதுகாப்புக்காகவும் போட்டது. வயது பற்றி அதில் எதுவும் இல்லை.

வயதைப் பற்றிப் பேசிய சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. அது சுலபமாக வரவில்லை. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து குடும்பங்கள் சீரழிந்தபோது, 2020 நவம்பரில் ஒரு அவசரச் சட்டம் வந்தது. பிறகு கொண்டுவந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3-இல் ரத்து செய்தது. அடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் புதிய சட்டத்தைப் பேரவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சட்டப்படிதான் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் அமைந்தது.

அந்த ஆணையம் 2025 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஆடக் கூடாது. கணக்குத் தொடங்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை உள்ளே நுழையவே கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை எச்சரிக்கை வர வேண்டும். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3-ஆம் தேதி, இந்த விதிமுறைகள் செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்குப் பிறகு ஒன்றிய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அது ஒரு படி மேலே போய், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டு எந்த வயதுக்காரருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடி ஏமாந்தவரைத் தண்டிப்பது அதன் நோக்கமல்ல.

இப்போது அந்த அக்காவின் பையன் கதைக்கு வாருங்கள். அவன் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கப் பார்க்கவில்லை. கலர் சட்டை வாங்கினான். கடையில் பம்பரம் வாங்குவது போல ஒரு பொருள் வாங்கினான், அவ்வளவுதான். பந்தயம் இல்லாத விளையாட்டை அந்தத் தடை தொடாது.

ஆக, சட்டத்தின் கோடு சூதாட்டத்தில் இருக்கிறது. கேம் மேல் போட்ட எண் வெறும் தகவலாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி. அதில்தான் நம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் சட்டம் போட்டார்களே, என்ன ஆச்சு?

“அப்போ இதுக்கும் ஒரு சட்டம் போட வேண்டியதுதானே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போட்டுப் பார்த்த நாடுகள் இருக்கின்றன.

பிரிட்டனில் 2012 முதல், 12, 16, 18 என்று எண் போட்ட கேம் டிஸ்க்கை வயது குறைந்தவருக்குக் கடையில் விற்பது குற்றம். நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரில் எம்18 என்று ஒரு பிரிவு. அந்த முத்திரை உள்ள கேமை விற்குமுன் கடைக்காரர் வயதைப் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கத் தடை போட்டது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2011-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

தென்கொரியா 2011-இல், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அப்பா, அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள். பத்து வருஷம் கழித்து அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சீனா 2021-இல் இன்னும் கடுமையாகப் போனது. வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரை, ஒரே ஒரு மணி நேரம். அங்கேயும் தாத்தா, பாட்டி பேரில் இருந்த கணக்குகளில் பேரன்கள் ஆடினார்கள்.

இங்கே அப்புச்சி பேரில் சிம் இருக்கிறதே, அதே கதைதான். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும். நம் நாட்டிலும் அடுத்த படி வருகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைதான். அவர்கள் விவரத்தைக் கையாள, பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சட்டம் முழுதாக வந்த பிறகும், போன் உங்கள் பேரில், உங்கள் வயதில் இருந்தால், அது உங்களிடம் சம்மதம் கேட்காது. பெரியவர்தானே என்று விட்டுவிடும்.

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியவை

இதற்குப் பத்து நிமிஷம் போதும். தெரியாவிட்டால் பக்கத்து இ-சேவை மையத்தில் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

1. பிள்ளைக்கு என்று தனிப் போன் இருந்தால், அதில் பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்குத் தொடங்குங்கள். கூகுளில் ‘ஃபேமிலி லிங்க்’ என்று ஒரு செயலி உண்டு. எந்த கேமை இறக்கலாம், எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை உங்கள் போனிலிருந்தே முடிவு செய்யலாம். கணக்கு ஓபன் ஆக வேண்டுமே என்று வயதைக் கூட்டிப் போடாதீர்கள்.

2. வீட்டுக்கே ஒரு போன்தான் என்றால், பிளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரண்டல் கன்ட்ரோல்ஸ் என்று போங்கள். ஒரு ரகசிய எண் கேட்கும். பிறகு 7+ அல்லது 12+ என்று வயதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேற்பட்ட கேம் இனிமேல் இறங்காது. ஏற்கெனவே போனில் இருப்பது தானாகப் போகாது, அதை நீங்கள்தான் பார்த்து நீக்க வேண்டும்.

3. அதே செட்டிங்ஸில், எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். சேமித்து வைத்த ஏடிஎம் கார்டு விவரம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

4. யுபிஐ எண்ணை இன்றைக்கே மாற்றுங்கள். வண்டி நம்பர், பிறந்த வருஷம், 1234 வேண்டாம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது ‘நீயே போட்டுக்க கண்ணு’ என்று எண்ணைச் சொல்லி அனுப்பாதீர்கள்.

5. வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் வரும் கேம் பைலை இறக்க விடாதீர்கள். அந்த வழியில் வரும் கேமுக்கு வயது எண்ணும் கிடையாது, நீங்கள் போட்ட பூட்டும் அதைத் தடுக்காது.

6. பேங்க் எஸ்எம்எஸ் வந்தால் சின்னத் தொகை என்று தள்ளிவிடாதீர்கள். முதல் 80 ரூபாயிலேயே பிடித்திருந்தால், அந்த அக்காவுக்கு 14,000 போயிருக்காது.

ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பிள்ளை வந்து கேம் கோடு கேட்டால், ‘அப்பாவுக்கு ஒரு போன் போடட்டுமா’ என்று கேளுங்கள். சட்டம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. நம்ம ஊர்ப் பிள்ளை.

பணம் போய்விட்டால்?

முதலில் யார் எடுத்தது என்று பாருங்கள். வெளியாள் ஏமாற்றியிருந்தால், உதாரணமாக ‘பாதி விலையில் வைரம் தருகிறேன்’ என்று சொல்லி ஓடிபி வாங்கிப் பணத்தை எடுத்திருந்தால், அது சைபர் குற்றம். உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் இணையதளத்திலும் புகார் பதியலாம். பணம் வைத்து ஆடும் செயலி உங்கள் பிள்ளையைச் சேர்த்திருந்தாலும் புகார் கொடுங்கள்.

வீட்டுப் பிள்ளையே வாங்கியிருந்தால், போலீசுக்குப் போகாமல் அந்த ஸ்டோரிலேயே ரீபண்ட் கேளுங்கள். வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் கணக்கு 41 வயது அப்பாவின் பேரில் இருந்தால், வாங்கியது சிறுவன்தான் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. பார்த்தீர்களா, இங்கேயும் அதே வயதுதான் குறுக்கே வந்து நிற்கிறது.

அந்த அக்காவுக்குக் கடைசி இரண்டு நாளில் போன 1,200 ரூபாய் சொச்சம் திரும்பி வந்தது. மீதி வரவில்லை.

பையனை அடித்தார்களா என்று கேட்பீர்கள். அப்பா கையை ஓங்கினாராம். பாட்டி குறுக்கே வந்து, “ராத்திரி பூரா அவன் தனியாத்தானே கெடக்கறான், பேச்சுக்கு யாரு இருக்கா அவனுக்கு?” என்றாராம். அந்த வார்த்தையில் அப்பாவின் கை இறங்கிவிட்டது. தறிச் சத்தத்தில் நாம் பிழைக்கிறோம். அந்த நேரத்தில் வீட்டில் பிள்ளைக்குத் துணையாக இருப்பது அந்தப் போன்தான். அதைப் பிடுங்கினால் மட்டும் போதாது, சாயங்காலம் அரை மணி நேரம் நாமும் அவனோடு உட்கார வேண்டும். என்ன கேம், யாரோடு ஆடுகிறாய் என்று கேட்டால், பிள்ளைகள் ஆசையாகச் சொல்வார்கள்.

தூக்கமில்லாமல், சாப்பாடு மறந்து, போனைக் கேட்டால் கோபத்தில் பொருளை உடைக்கும் அளவுக்குப் போய்விட்டால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம். 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. குழந்தைக்கு ஆபத்து, மிரட்டல் என்றால் 1098. தமிழிலேயே பேசலாம்.

முடிக்கிறேனுங்க. போகும் முன்பு எல்லோரும் அவரவர் போனை ஒரு தடவை எடுங்கள். கணக்கைத் திறந்து, அதில் இருக்கும் பிறந்த தேதியைப் பாருங்கள். பிள்ளை கையில் இருக்கும் போன் அவனை எத்தனை வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். உதவி வேண்டுமென்றால் நான் வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் வாங்க.